பழைய சிறிய எஸ்யூவி வாங்குமுன்: ஆறிய என்ஜினிலிருந்து தொடங்குங்கள்

பழைய வண்டி ஒன்றைப் பார்க்க ஒருமுறை காலை எட்டு மணிக்குப் போனேன். கழுவித் துடைத்து, டயருக்கு மினுக்குப் பூசி, வண்டியைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. சத்தமும் சீராக இருந்தது. பானெட்டை மூடும்போது தகடு உள்ளங்கையைச் சுட்டது. "இப்போதுதான் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தேன்" என்றார் விற்பவர். பெட்ரோல் முள்ளோ சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டையும் பார்த்தேன், சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை. வாங்கிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில், இரவு முழுக்க ஆறிக் கிடந்த என்ஜினை முடுக்கினேன். வாளிக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியது போல மூன்று நொடி சத்தம் வந்து அடங்கியது. என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தது. ஓடிச் சூடான என்ஜினில் அந்தச் சத்தம் கேட்காது. அது விற்றவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செலவில் கற்றதை இங்கே வரிசைப்படுத்துகிறேன். "எந்த நிறுவனத்தின் வண்டி நம்பகமானது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஐந்தாறு ஆண்டு ஓடிய வண்டிக்கு அந்தக் கேள்வி பாதிதான் உதவும். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே நிறத்தில் இரண்டு வண்டிகள் நிற்கலாம். ஒன்று இன்னும் பத்தாண்டு ஓடும், மற்றது பத்தே மாதத்தில் பட்டறையில் படுக்கும். எந்த என்ஜினும் கியர்பாக்ஸும் ஜோடி சேர்ந்திருக்கின்றன, வண்டி இதுவரை எப்படி வாழ்ந்தது, இன்று காலை அதன் நிலை என்ன என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: இது உயரமான ஹேட்ச்பேக்

குறைந்த விலைச் சிறிய எஸ்யூவிகளில் பெரும்பாலானவை சிறிய கார்களின் அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஃபோர்டு எக்கோஸ்போர்ட் நிற்பது ஃபியஸ்டாவின் தளத்தில். பியூஜோவின் 2008 என்ற மாடல் நிற்பது 208 என்ற சிறிய காரின் தளத்தில். டஸ்டரின் தளம் லோகனிலிருந்து வந்தது. தளம் பொதுவாக இருப்பது குற்றமல்ல, விலை குறைய அதுதான் காரணம். ஆனால் சிறிய காருக்கான அடித்தளத்தின் மேல் இன்னும் உயரமான, கனமான உடம்பு ஏறிவிடுகிறது. தோற்றத்தை நம்பி, பள்ளமும் மேடும் பார்க்காமல் ஓட்டுபவர்களும் அதிகம். அதனால் சக்கர பேரிங், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ், அதை இணைக்கும் கம்பியான லிங்க் ராடு, என்ஜின் மவுண்ட் ஆகியவை இந்த வகை வண்டிகளில் முதலில் களைத்துப்போகின்றன. காற்றை அழுத்தி ஊட்டும் சிறிய டர்போ என்ஜினும் கனத்தை இழுக்கக் கூடுதலாக உழைக்கிறது. கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த இடங்களைச் சுற்றித்தான்.

படி 1: வீட்டில் உட்கார்ந்தபடியே ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

மாடலின் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மாடலில் எந்தெந்த என்ஜின், எந்தெந்த கியர்பாக்ஸ் வந்தன என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயருக்குள் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே விற்கப்பட்டிருக்கும்.

என்ஜினில், எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ வகைகளைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். டர்போ இல்லாத, பழைய முறையில் எரிபொருள் செலுத்தும் 1.5 அல்லது 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின் வேகத்தில் சுமாராக இருக்கலாம். பழையதாக வாங்குபவருக்கு என் ஓட்டு அதற்குத்தான். நேரடிப் பீய்ச்சலில் பெட்ரோல் உள்ளிழுப்பு வால்வுகளைக் கழுவிச் செல்வதில்லை; எனவே அவற்றின் முதுகில் கரி படிகிறது. குளிரில் குறுந்தூரம் மட்டுமே ஓடினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கிறது. ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ இதற்குப் பெயர்போனது. சிஆர்-வி வாங்கியவர்களின் புகார்களுக்குப் பிறகு அந்த நிறுவனம் உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, செயினுக்குப் பதிலாக ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடும் டைமிங் பெல்ட். ஃபோர்டின் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட், பியூஜோ சிட்ரோயன் வண்டிகளில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் ஆகியவற்றின் பல ஆண்டு மாடல்களில் இது உண்டு. பெல்ட் நைந்தால் அதன் துகள்கள் ஆயிலோடு போய், ஆயில் பம்பு உறிஞ்சும் சல்லடையை அடைக்கின்றன. ஆயில் அழுத்தம் விழுந்தால் என்ஜின் போயிற்று. ப்யூர்டெக்கில் ஆயில் ஊற்றும் வாய் வழியே பார்த்தால் பெல்ட் தெரியும். அது ஊதி அகன்றிருக்கிறதா என்று அளக்கும் கருவி பட்டறைகளில் இருக்கிறது. இந்த வகை என்ஜினா, பின்னாளில் செயினுக்கு மாற்றப்பட்ட வடிவமா என்பதை வாங்குமுன் உறுதிசெய்யுங்கள்.

டீசல் வேண்டுமென்றால் ஒரே கேள்வி போதும்: நான் நெடுஞ்சாலையில் ஓட்டுவேனா? டிபிஎஃப் எனப்படும் புகைத்துகள் வடிகட்டி, தன்னில் சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பமும் தொடர்ந்த ஓட்டமும் தேவை. கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே போய்வந்த டீசலில் அது அடைத்துக்கொண்டிருக்கும்.

கியர்பாக்ஸில் கைமுறை வகை எளியது. தேய்வது கிளட்ச்தான், மாற்றிவிடலாம். ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச்களை மாற்றி மாற்றி இயக்கும் தானியங்கி வகையான உலர் இரட்டை கிளட்ச் பெட்டிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் தட்டுகள் சூடேறி, வண்டி அதிரத் தொடங்கும். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இதனாலேயே நீதிமன்றம் வரை போனது. சிவிடி எனப்படும், படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கிப் பெட்டியில் எஃகுப் பட்டையும் கூம்புக் கப்பிகளும் உராய்ந்தபடி இயங்குகின்றன. அவற்றின் ஆயுள் உள்ளே இருக்கும் ஆயிலில் இருக்கிறது. நிசான் அமெரிக்காவில் பல மாடல்களின் சிவிடிக்கு உத்தரவாதத்தை நீட்டித்துக் கொடுத்தது. "இந்த ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்.

படி 2: போவதற்கு முன் தொலைபேசியில்

"ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டுப் பயனில்லை, அதற்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். கடைசியாக என்ன பழுது பார்த்தீர்கள், எந்த ஆயில் போடுகிறீர்கள், தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று கேளுங்கள். வண்டியைப் பேணியவர் தடுக்கி விழாமல் சொல்வார், சில சமயம் நீங்கள் கேட்காததையும் சொல்வார். "எந்தக் குறையுமே இல்லை" என்பவரைவிட "ஏசி சற்று மெதுவாகக் குளிரும், பின் கதவு கைப்பிடியை மாற்றினேன்" என்பவரை நான் நம்புவேன்.

முடிக்கும்போது தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நாளைக் காலை நான் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

படி 3: காகிதங்கள்

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருப்பது மட்டும் போதாது. எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே மை என்றால் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. ரசீதுகள் கசங்கி, ஆயில் கறை பட்டு, தேதி மாறி மாறி இருந்தால் நல்ல அறிகுறி. ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

சேசிஸ் எண் 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. கண்ணாடிக்குக் கீழும் கதவுத் தூணிலும் உடம்பில் பொறித்த இடத்திலும் ஒரே எண்தானா என்று ஒப்பிடுங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பை விவகாரத்தில், பையை விரிக்கும் ஊதிகள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி திரும்பப் பெறப்பட்டன. அவற்றிலிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விரிய வேண்டிய பை உலோகச் சில்லுகளை வீசியது. மாற்றாத வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மாற்றித் தருவது நிறுவனத்தின் செலவு என்பதால் இந்தச் சோதனைக்குப் பைசா கிடையாது.

குறைவாக ஓடிய வண்டி என்று கேட்டதும் மனம் இளகிவிடக் கூடாது. ஐந்தாண்டில் 20,000 கிலோமீட்டர் என்றால், பெரும்பாலும் என்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் அணைக்கப்பட்ட பயணங்கள். அதே வயதில் 80,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாறிய வண்டியையே நான் எடுப்பேன். எண்ணைக் குறைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தால் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் தோலையும் ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரத்தையும் பாருங்கள். 30,000 காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்க வழியில்லை.

படி 4: ஆறிய என்ஜின் முன்னால் பத்து நிமிடம்

போனதும் பேச்சுக்கு முன் பானெட்டில் கையை வையுங்கள். இளஞ்சூடு இருந்தாலும் "மாலையில் வருகிறேன்" என்று திரும்பிவிடலாம்.

ஆறியிருந்தால் முதலில், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் மூடியைத் திறங்கள். சூடான என்ஜினில் இதைச் செய்யவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். திரவம் தெளிவாக, அதன் இயல்பான நிறத்தில் இருக்க வேண்டும். துருநிறத்தில் கலங்கியிருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், என்ஜினின் மேல்பாகத்தைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதோ என்று சந்தேகம். பட்டறையில் ஒரு நீலத் திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும்.

அடுத்து ஆயில் குச்சி. உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவுங்கள். மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா? மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் முன்பு சொன்ன கலப்பு. கறுப்பாக இருப்பது மட்டும் குற்றமல்ல, டீசலில் புது ஆயிலும் சில நாளில் கறுத்துவிடும். இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தால் மணல் போல நெருடக் கூடாது. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்கோவா நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் உடனே பதற வேண்டாம். குறுந்தூரம் ஓடும் வண்டியில் நீராவி குளிர்ந்தும் அப்படிப் படியும். குச்சியிலும் அதே பசை, கூலண்டும் குறைந்திருக்கிறது என்றால் கிளம்பிவிடுங்கள்.

இப்போது முடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே உட்காராதீர்கள்; ஒருமுறை பானெட் அருகிலும், அணைத்துவிட்டு இன்னொருமுறை சைலன்சர் அருகிலும் நில்லுங்கள். ஆனால் முதல் முடுக்கலின் முதல் மூன்று நொடிதான் பொன்னானது. செயின் சலசலப்பு அப்போது மட்டுமே கேட்கும். பிறகு புகை: நீலம் ஆயில் எரிவது, கறுப்பு எரிபொருள் மிகுதி. குளிர்ந்த காலையில் மெல்லிய வெள்ளை ஆவி இயல்பு, என்ஜின் சூடேறிய பின்னும் இனிப்பு வாடையோடு வெண்புகை தொடர்ந்தால் கூலண்ட் எரிகிறது.

படி 5: உடம்பும் அடிப்பாகமும்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழையிலோ விளக்கொளியிலோ பார்க்காதீர்கள். பானெட், கதவு, பம்பர் இடையே உள்ள இடைவெளிகள் இருபுறமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வண்ணப்பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி கிடைத்தால் நல்லது. ஆலைப் பூச்சு பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரான், 300ஐத் தாண்டினால் கீழே பட்டி பூசியிருக்கிறார்கள். கதவில் ஒரு கீறலை மறைத்ததற்காக வண்டியைத் தள்ள வேண்டாம். முன் சட்டகக் கம்பிகளில் வெல்டிங் தடம் இருந்தால் தள்ளிவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தெரிந்துகொள்ள சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கோடு அழியாமல் நிற்கும். இருக்கையைக் கழுவுபவர்கள் அதைக் கழுவ மறந்துவிடுவார்கள். உபரி டயர்க் குழியில் மணல், இருக்கைத் தண்டவாளத் திருகுகளில் துரு ஆகியவையும் சாட்சி. வெள்ளம் பார்த்த வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வயரிங் இணைப்புகள் ஒவ்வொன்றாக ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டே போகும்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கு டயரும் ஒரே வகையா, சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் கெட்டிருக்கிறது, அல்லது புஷ் போயிருக்கிறது. நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னும் பின்னும் வெவ்வேறு தேய்மான டயர் போட்டு ஓட்டியிருந்தால் நடுவில் உள்ள இணைப்புப் பெட்டி ஓயாமல் அரைபட்டிருக்கும்.

படி 6: ஓட்டிப் பாருங்கள், பாட்டை அணைத்துவிட்டு

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். சிவிடியும் இரட்டை கிளட்சும் சூடேறிய பிறகுதான் தங்கள் குணத்தைக் காட்டும்.

- பார்க்கிங் வேகத்தில்: ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமிடுங்கள். "டக் டக்" என்று வந்தால் ஆக்சில் ஜாயின்ட். நான்கு சக்கர வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலத் திணறினால் இணைப்புப் பெட்டியில் கோளாறு.
- வேகத்தடையில்: ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். "டொக்" என்ற ஒற்றைச் சத்தம் லிங்க் ராடு. இதன் செலவு சிறியது, பேரம் பேசப் போதுமானது.
- கிளட்ச்: நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் என்ஜின் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது.
- தானியங்கி: ஊர்ந்து போகும் வேகத்தில் அதிர்கிறதா, ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் தாமதித்து உதைக்கிறதா, சீரான வேகத்தில் சுற்றுமுள் ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள்.

நெடுஞ்சாலை வேகத்தில் விமானம் போல ஓர் இரைச்சல் வந்தால் டயரா பேரிங்கா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சாலை காலியாக இருக்கும்போது மெல்ல இடமும் வலமும் வளையுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது கனம் இடச் சக்கரங்களில் ஏறுகிறது. அப்போது இரைச்சல் கூடினால் இடப்பக்கப் பேரிங். எந்தப் பக்கம் வளைத்தாலும் மாறாவிட்டால் பெரும்பாலும் டயர்.

நீண்ட இறக்கம் கிடைத்தால் கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு இறங்குங்கள், அடிவாரத்தில் அழுத்துங்கள். கண்ணாடியில் நீலப் புகைமூட்டம் தெரிந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கின்றன. ஏற்றத்தில் தொடர்ந்து நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போவைச் சந்தேகிக்கலாம். அது பெரிய வேலை.

படி 7: ஸ்கேனரும் மெக்கானிக்கும்

வண்டியின் கணினியிலுள்ள பிழைக்குறிகளைப் படித்து, கைபேசியோடு இணையும் சிறு ஓபிடி ஸ்கேனர் மலிவானது. பிழைக்குறி எதுவும் இல்லை என்று காட்டினால் மகிழ்வதற்கு முன், தயார்நிலைப் பட்டியலைத் திறங்கள். வினையூக்கி, ஆக்சிஜன் சென்சார் முதலியவற்றை வண்டி தானே சோதித்து முடித்ததா என்று அதில் தெரியும். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், அண்மையில்தான் யாரோ குறிகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பேட்டரியை எப்போது, ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். மின்னழுத்தத்தையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம்: அணைந்த நிலையில் 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது சுமார் 14 வோல்ட்டும் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடித்திருந்தால், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோய் வண்டியைத் தூக்கிப் பாருங்கள். கீழிருந்து பார்க்கும் பதினைந்து நிமிடத்தில் ஆயில் கசிவு, கிழிந்த ரப்பர் உறை, அடிபட்ட பாகம் எல்லாம் வெளிப்படும். விற்பவர் இதற்கு மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காரணம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கிடைத்த குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். டயர், பிரேக் பேட், பேட்டரி, லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் ஆகியவை எந்த வண்டியிலும் தேய்பவை; செலவைக் கணக்கிட்டு விலையில் கழியுங்கள். என்ஜினுக்குள், கியர்பாக்ஸுக்குள், சட்டகத்தில், வயரிங்கில் இருக்கும் குறைக்கு விலை பேசாதீர்கள். எவ்வளவு கழித்தாலும் அது போதாது.

வாங்கிய பின் முதல் மாதம்

ரசீது இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் திரவம் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை முந்தைய உரிமையாளர் மாற்றியிருப்பார் என்று நம்பக் காரணமில்லை. தானியங்கிப் பெட்டியின் ஆயில் மாறியதற்கு ஆதாரம் இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் மாற்றிய அன்று குச்சியில் மட்டம் எங்கே நிற்கிறது என்று கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். சரியாக 1,000 கிலோமீட்டர் ஓடியதும், மறுநாள் காலை, சமதளத்தில், என்ஜின் ஆறியிருக்கும்போது மறுபடி உருவிப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் பொதுவாக ஒரு லிட்டர் ஆயில். மட்டம் அசையவில்லை என்றால் நல்லது. பாதி இறங்கியிருந்தால் அரை லிட்டரை என்ஜின் குடித்திருக்கிறது. விற்றவரோ விற்பனை நிலையமோ உத்தரவாதம் கொடுத்திருந்தால், அதன் காலம் முடிவதற்குள் அந்த இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.